அலமாரி வாளும் ஆயுதச் சட்டமும்

கூரியரில் வந்த நீளமான அட்டைப்பெட்டியைப் பிரித்து, உறையிலிருந்து வாளை உருவியதும் கை தானாகச் செல்போனைத் தேடுகிறது. பல மாதம் காசு சேர்த்து வாங்கிய பொருளை நாலு பேருக்குக் காட்டாமல் எப்படி இருப்பது? ராஜபுத்திரர்களின் தல்வார், ஜப்பானியரின் கடானா, ஐரோப்பாவின் நீள்வாள் என்று பழைய வாள்களின் நகல்களை வாங்கிச் சேர்க்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். 'ரெப்ளிகா' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். வரலாற்றைக் கையில் எடுத்துப் பார்க்க வைக்கும் நல்ல பழக்கம் அது என்பதே என் கட்சி. ஆனால் தமிழ்நாட்டில் வாள் வீட்டுக்குள் வருவதைவிட, அதன் படம் வீட்டைவிட்டு வெளியே போவதுதான் வம்பை இழுத்துவருகிறது. அதனால் வாங்குவதற்கு முன்பும், படம் போடுவதற்கு முன்பும் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2018 பிப்ரவரியில் பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டினார்கள். காவல்துறை சுற்றிவளைத்து 70-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. அதற்குப் பிறகு வாளும் கேக்கும், வாளும் பாட்டும் சேர்ந்த எந்தக் காட்சியும் காவல்துறை கண்ணில் ஒரே மாதிரிதான் படுகிறது. 2021 ஜனவரியில் நடிகர் விஜய் சேதுபதி தன் பிறந்தநாள் கேக்கை வாளால் வெட்டிய படம் பரவியது. அடுத்து நடிக்கவிருந்த படத்தின் கதையில் வாளுக்கு முக்கிய இடம் இருப்பதால் அப்படிச் செய்ததாக விளக்கி, அவர் வருத்தம் தெரிவித்தார். அவர் சொன்ன விளக்கத்தை நாடே கேட்டது. ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் பையன் இன்ஸ்டாகிராமில் போட்ட படத்துக்கு ஸ்டேஷனில் நின்றுதான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? துப்பாக்கிக்கு உள்ளதுபோல வாளுக்கு நாடு முழுக்க உரிமம் கட்டாயமில்லை. அதற்காக, சில விற்பனையாளர்கள் அடித்துச் சொல்வதுபோல வாள் சட்டத்துக்கு வெளியே நிற்கும் பொருளும் இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குள் கூர்முனை கொண்ட கொடிய ஆயுதங்களையும் சேர்த்தே சொல்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணையில் ஐந்தாம் வகை துப்பாக்கி அல்லாத ஆயுதங்களுக்கானது. வாள், கைத்தடிக்குள் மறைத்த வாள், குத்துவாள், ஈட்டி எல்லாம் அதில் இருக்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்தி வகைகளும் இருக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்றே செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அரிவாள்மணையும் கதிரரிவாளும் அந்த விலக்கால்தான் தப்புகின்றன.

அதே சட்டத்தின் 4-வது பிரிவை ஒவ்வொரு சேகரிப்பாளரும் படித்திருக்க வேண்டும். ஒரு பகுதியின் நிலைமையைக் கருதி, துப்பாக்கி அல்லாத ஆயுதங்களையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிடலாம். வெளியிட்டால், அந்தப் பகுதியில் அந்த வகை ஆயுதத்தை வாங்கவும் வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் இருந்தால் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆக, ஒரே வாள் ஓர் ஊரில் அலங்காரப் பொருளாகவும் இன்னோர் ஊரில் வழக்குப் பொருளாகவும் இருக்க முடியும். உங்கள் ஊருக்கு அப்படி அறிவிக்கை நடப்பில் இருக்கிறதா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவிலும், மாநகரமாக இருந்தால் காவல் ஆணையர் அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போட்டால் 30 நாளில் பதில் தரவேண்டியது அவர்கள் கடமை. அந்தப் பதில் கடிதம் பின்னாளில் உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

"கூரே இல்லாத மழுங்கல் வாள்தானே, இது எப்படி ஆயுதமாகும்?" என்று கேட்கிறவர்கள் அதிகம். சட்டம் விலக்கு தருவது, பொம்மையாக அல்லாமல் வேறெதற்கும் பயன்படாதவற்றுக்கு. அதிலும், பயன்படும் ஆயுதமாக மாற்றவே முடியாதவையாக அவை இருக்க வேண்டும். நல்ல எஃகில் செய்த மழுங்கல் வாளைப் பத்து நிமிடம் சாணை பிடித்தால் என்ன ஆகும் என்று விசாரணை அதிகாரி கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. மரம், ஃபோம், அலுமினியத் தகடு, பிளாஸ்டிக் வாள்கள் இந்தக் கேள்வியில் எளிதாகத் தப்பும். எஃகு வாள் தப்பும் என்று நம்பி உட்காராதீர்கள். வாங்கியபின் அதற்குக் கூர் ஏற்றவே வேண்டாம். சுவரில் மாட்டும் வாளுக்குக் கூர் எதற்கு?

சீக்கியர்கள் கிர்பான் என்னும் குறுவாளை அணிவது அரசமைப்பின் 25-வது உறுப்பின் விளக்கத்திலேயே சொல்லப்பட்ட மத உரிமை. அதை எடுத்துக்காட்டி நம் கடானாவுக்கு வாதாட முடியாது.

இப்போது படத்துக்கு வருவோம். வாள் படத்தை வெளியிடுவது அந்த ஒரே காரணத்தால் குற்றமாகிவிடாது. அருங்காட்சியகங்கள் தினமும் வெளியிடுகின்றன. படத்தோடு என்ன சேர்கிறது என்பதில்தான் சிக்கல் பிறக்கிறது. ஓங்கிய கை, எதிரியை எச்சரிக்கும் வசனம், ஒரு சாதியின் கொடி, அந்தச் சாதிப் பெருமை பேசும் பாட்டு, குருபூஜை நேரம் என இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலே படத்தின் பொருள் மாறிவிடும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டலுக்கு 351-வது பிரிவு இருக்கிறது. பிரிவினருக்கிடையே பகைமை வளர்ப்பதற்கு 196-வது பிரிவு இருக்கிறது. வழக்கு வரை போகாவிட்டாலும் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவதற்கு வழி உண்டு. தென்மாவட்டங்களில் வாளோடும் அரிவாளோடும் 'கெத்து' காட்டி ரீல்ஸ் போட்டு மாட்டிக்கொள்கிற பிள்ளைகளில் பலர் யாரையும் வெட்டும் எண்ணம் இல்லாதவர்கள். ஆனால் அதே ரீல்ஸைப் பக்கத்துத் தெருவில் பயத்தோடு பார்க்கிற ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. வாள் சேகரிப்பவர் அதை மறக்கக் கூடாது.

ஒரு வழக்கு பதிவானால் அது நீதிமன்றத்தோடு நிற்பதில்லை. பாஸ்போர்ட் விசாரணையிலும் அரசுவேலைச் சான்றிதழ் சரிபார்ப்பிலும் அது எழுந்து நிற்கும். தமிழ்நாட்டில் காவலர் தேர்வு எழுதியவர்கள், சந்தேகத்தின் பலனைத் தந்து விடுதலை செய்யப்பட்ட வழக்குக்காகக்கூடத் தகுதியிழந்திருக்கிறார்கள். 19 வயதில் போட்ட 15 நொடி வீடியோவுக்கு 24 வயதில் விலை கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்கலாம். கேட்பதற்குள் வேலை போயிருக்கும்.

அப்படியானால் புது வரவை எப்படிக் காட்டுவது? மேசைமேல் ஒரு துணி விரித்து, வாளை உறைக்குப் பக்கத்தில் கிடத்திப் படம் எடுங்கள். அளவு தெரிய ஒரு ஸ்கேல் வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். கூட ஆள் வேண்டாம். எந்தக் காலத்து வாளின் நகல், மூல வாள் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எஃகு என்ன, எடை எவ்வளவு, கூர் உண்டா இல்லையா என்று கீழே எழுதுங்கள். செய்தவர் யார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையான சேகரிப்பாளர்கள் பார்க்க விரும்புவது கைப்பிடியின் வேலைப்பாட்டையும் அலகின் வளைவையும்தான். எல்லோருக்கும் தெரியும் ஸ்டேட்டஸாகப் போடாமல், ஆர்வமுள்ளவர்களுக்குள் பகிர்வது நல்லது. வீட்டு முகவரியோ தெருப் பெயர்ப்பலகையோ படத்தில் விழுந்தால் திருடனுக்கும் அழைப்பு வைத்த மாதிரி ஆகிவிடும்.

வாளோடு தெருவில் இறங்குவதை முடிந்தவரை தவிருங்கள். பைக்கில் முதுகில் கட்டிக்கொண்டு போவது கூடவே கூடாது. கண்காட்சிக்கோ படப்பிடிப்புக்கோ எடுத்துப்போக வேண்டியிருந்தால் பெட்டியில் வைத்துப் பூட்டி, பில்லின் நகலும் அழைத்தவர்களின் கடிதமும் கூடவே வையுங்கள். சிலம்பாட்ட ஆசான்கள் வாள்வீச்சும் சுருள்வாளும் காட்டப் போகும்போது விழா நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கடிதம் வாங்கிவிடுவது நல்லது. தேர்தல் நேரத்திலும் தடையுத்தரவு போட்ட நாட்களிலும் வாளைப் பெட்டியில்கூட வெளியே எடுக்காதீர்கள். விமானத்தில் கைப்பைக்குள் வாள் அறவே கூடாது. ஒப்படைக்கும் பெட்டியில் வைப்பதானாலும் விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு முழுக்க ரவுடிகளுக்கு எதிரான சோதனை நடந்தபோது, அரிவாள் கத்தி அடிக்கும் பட்டறைகளில் வாங்குகிறவரின் பெயரையும் முகவரியையும் குறித்துவைக்கும்படி காவல்துறை கேட்டுக்கொண்டது. ஆகவே உள்ளூர்ப் பட்டறையில் வாள் அடித்துத் தரச் சொல்லும்போது உங்கள் விவரத்தை மறைக்காதீர்கள். பில் இல்லாமல் தரும் பட்டறையை விட்டுவிடுங்கள்.

இனி, ஏமாறுகிற கதை. 2023 மே மாதம் லண்டனில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் சுமார் 1.4 கோடி பவுண்டுக்குப் போனது. அப்படி ஒரு செய்தி வந்தால் 'அரண்மனை வாள்' விற்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். 1855-இல் தஞ்சை மராட்டிய அரசின் ஆண்வாரிசு அற்றுப்போய் ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்ட பிறகு, அந்த அரண்மனையின் ஆயுதச்சாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த ஆயுதங்கள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. மீதியில் பெரும்பகுதி பழைய இரும்பாகப் போனது. நம் கைவினைக்கு நேர்ந்த பேரிழப்பு அது. எழும்பூரில் இருக்கும் அந்த அருங்காட்சியகத்துக்குப் போனால் அங்குள்ள தஞ்சை ஆயுதங்களின் வேலைப்பாட்டை நின்று பாருங்கள். பார்த்த பிறகு, வாட்ஸ்அப்பில் 'தஞ்சை அரண்மனை வாள், அவசர விற்பனை' என்று வரும் படத்தை எந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

புதிய வாளைப் பழையதாக்குவது கடினமான வேலையில்லை. உப்பும் அமிலமும் தடவி ஈர மண்ணில் புதைத்தால் சில வாரத்தில் துரு ஏறும். ஆனால் அப்படி ஏறிய துரு பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே செம்மஞ்சளாக, விரலால் தேய்த்தால் கையோடு வரும். நூறாண்டு கடந்த வாளில் கறுத்த படலமும், கைப்பிடி அடியில் கெட்டிப்பட்ட அழுக்கும், கைபட்ட இடத்தில் மட்டும் தேய்மானமும் இருக்கும். அலகின் மேல் ஓடும் நீரலைக் கோலத்தையும் நம்பிவிடாதீர்கள். ஈரோடு மாவட்டக் கொடுமணலில் நம் முன்னோர் உருக்கு செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த மரபில் வந்த உருக்கு வாளில் கோலம் உலோகத்தின் உள்ளிருந்து வருவது. நகலில் அமிலத்தாலோ லேசராலோ மேலே வரைந்திருப்பார்கள். ஓரிடத்தில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் வரைந்த கோலம் மறைந்துவிடும். உருக்கின் கோலத்தை நிபுணர் மெருகேற்றி மறுபடி வெளிக்கொண்டுவர முடியும்.

வாள் உண்மையிலேயே 100 ஆண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால் வேறொரு சட்டம் குறுக்கே வரும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. "பழமையானது, ஆனால் பில்லில் கைவினைப் பொருள் என்று போட்டுத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்று நிச்சயம்: அவர் உங்களை ஏமாற்றுகிறார், அல்லது உங்களைக் குற்றத்தில் கூட்டாளியாக்குகிறார். நிலத்தைத் தோண்டும்போது பழைய வாள் கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-லிருந்து உள்ள புதையல் சட்டம் அது.

நேர்மையாக நகல் என்று சொல்லி விற்பவர்களிடம் வாங்குவதே நிம்மதி. டேராடூனில் 1943 முதல் இயங்கும் விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் போன்ற ஆலைகள் உலகம் முழுக்க நகல் வாள்களை ஏற்றுமதி செய்கின்றன. எங்கே வாங்கினாலும் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அலகின் எஃகு கைப்பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது? மலிவான அலங்கார வாள்களில் அலகு கைப்பிடிக்கு முன்பே முடிந்துவிடும். அதன் நுனியில் ஒரு மெல்லிய போல்ட்டைப் பற்றவைத்து, கைப்பிடியின் அடிக்குமிழில் மரை போட்டு இறுக்கியிருப்பார்கள். பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. குமிழைத் திருகிப் பார்த்தால் ஆடும். வாளை லேசாக உதறினால் உள்ளே 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். அதை வீசினால் பற்றவைப்பு விட்டு, இரண்டரை அடி எஃகு எதிரே நிற்பவர் மேல் பறக்கும். நீளமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலகுக்கு இன்னோர் ஆபத்து, அது வளையாமல் சட்டென்று முறிவது. தர்பூசணி வெட்டிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அலங்கார வாளை எடுத்து மொட்டைமாடிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. பெற்றோர் சொல்லுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் வாள் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள்தான் இருக்க வேண்டும்.

பராமரிப்பு சுலபம். தொட்ட பிறகு துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் தோல் பிடித்துவைக்கும் ஈரத்தில் துரு ஏறும். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும்.

வாங்கிய வாள் சொன்னபடி இல்லை என்றால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். பார்சலைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். நீளத்தையும் எடையையும் அப்போதே அளந்து குறியுங்கள். இணையவழி விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்றும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அடியுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டிலிருந்து வாள் வரவழைப்பதில் அவசரம் வேண்டாம். ஆயுதச் சட்டத்தின் 10-வது பிரிவின்படி, இந்தியாவுக்குள் கொண்டுவரவும் வெளியே அனுப்பவும் உரிமம் வேண்டும். சுங்கத்தில் பிடிபட்டால் வாளும் போகும், வழக்கும் வரும். லண்டனில் இருக்கும் தம்பி தல்வார் ஒன்று வாங்கிவரச் சொன்னால் அங்குள்ள சட்டத்தையும் பாருங்கள். 2008 ஏப்ரல் முதல் 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமான வளைந்த வாள்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் அங்கே தடை. மரபு முறையில் கையால் அடித்தவை போன்ற சிலவற்றுக்கே விலக்கு. 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து 'நிஞ்சா வாள்' எனப்படும் நேரான வகையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

எல்லாம் சரியாக இருந்தும் காவல்துறை கதவைத் தட்டினால்? வாளைத் தொடாதீர்கள், எடுத்துக் காட்டப் போகாதீர்கள். இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள், அவர்கள் எடுக்கட்டும். பில்லையும், தகவல் உரிமைப் பதிலையும், விற்பனைப் பக்கத்தின் அச்சையும் காட்டுங்கள். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவின்படி சோதனையும் கைப்பற்றலும் ஒலி-ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலும் அதில் சாட்சிகளின் கையெழுத்தும் இருக்க வேண்டும். பட்டியலில் 'பட்டாக்கத்தி' என்று மட்டும் எழுதியிருந்தால், அளவையும் 'கூர் இல்லாத அலங்கார வாள்' என்பதையும் சேர்க்கும்படி மரியாதையாகக் கேளுங்கள். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில், கைது அவசியமில்லாதபோது 35-வது பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியிருக்கிறது. கைது செய்தால் காரணத்தைச் சொல்லி, வீட்டாருக்குத் தகவல் தந்து, 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100-க்கு அழையுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை ஏற்பாடு செய்யும்.

கைப்பற்றிய வாள் வழக்கு முடியும்வரை ஸ்டேஷனில் துருப்பிடித்துக் கிடக்க வேண்டியதில்லை. பறிமுதல் பொருள்களைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளில் உரியவர் மனு செய்து கேட்கலாம். தருவதா வேண்டாமா என்பது நீதிபதியின் முடிவு. அந்த மனுவில் உங்கள் பக்கம் நிற்பது வாங்கியபோது கிடைத்த பில்தான். அதனால் ஒவ்வொரு வாளுக்கும் ஒரு உறை போட்டு, பில்லையும் புகைப்படத்தையும் விற்றவரின் விலாசத்தையும் அதில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.